எல்லோரும் தூணைப் பார்க்கிறார்கள்

"மாப்ளே, ஒரு ஆளை வரைஞ்சா ஒரு வீட்டுல சாப்பாடு. பத்து ஆளைச் சேர்த்து வரைஞ்சா…" என்று என் மாமனார் ஆரம்பித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் முடித்தது "பத்து வீட்டுல சாப்பாடு" என்றா, "பத்து வீட்டுலயும் உதை" என்றா என்பதுதான் மறந்துவிட்டது. பம்பாயில் சினிமா பேனர் வரையும் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் தாம்பரத்துக்குத் திரும்பி, ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு சைக்கிள் கடை மாடியில் நான் போர்டு மாட்டிய அன்று அவர் சொன்னது அது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் பேச்சில் மட்டும் பச்சைக் கொடியா சிவப்புக் கொடியா என்று கடைசிவரை தெரியவிட மாட்டார்.

எங்கள் தொழிலுக்கு ஊரில் பெயர் 'குரூப்'. ஒரே ஒருவர் படம் என்றால் ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார்கள். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர வழியில்லாதவர்களைச் சேர்த்து நிறுத்த வேண்டும் என்றால்தான் என் மாடிப்படி ஏறுவார்கள். துபாயில் இருக்கும் பிள்ளை, போய்ச் சேர்ந்துவிட்ட அப்பா, பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, எல்லோரையும் தனித்தனி போட்டோவாகக் கொண்டுவந்து மேஜையில் போடுவார்கள். படமாகக் கேட்டால் நான். பொம்மையாகக் கேட்டால் என் கூட்டாளி காதர் பாய். எட்டாவது வரை தமிழிலும் அதற்கு மேல் இங்கிலீஷிலும் படித்தவன் என்பதால் நான் 'கம்போசிஷன்' என்பேன். பாய் 'நிறுத்துறது' என்பார். யாரை எங்கே நிறுத்துவது என்பதுதான் மொத்தத் தொழிலும். நீங்களும் எத்தனையோ கல்யாணங்களில் போட்டோவுக்கு நின்றிருப்பீர்கள். உங்களைப் பின்வரிசைக்குத் தள்ளியவர் யார் என்பதை இன்றுவரை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே என் கஷ்டத்தை உங்களிடம் சொல்லலாம்.

கடை ஓடாவிட்டால் பம்பாய்க்கே திரும்புவது என்று ஒரு பேச்சு வீட்டில் எப்போதும் இருந்தது. பழைய முதலாளி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் கூப்பிடும்போதெல்லாம், "உன் ஸ்டூல் காலியாத்தான் இருக்கு" என்பார். என் மனைவியோ மகளைத் தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டாள்: "போறதா இருந்தா நீங்க போங்க. இன்னொரு தடவை பெட்டி கட்ட என்னால ஆகாது."

தூக்காத கை

முதல் பெரிய வேலை கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தது. அப்பா இறந்த பிறகு பிறந்த தன் குழந்தையை அந்த அப்பாவே தூக்கி வைத்திருப்பது போல வேண்டும் என்று மகன் கேட்டார். அப்பாவின் படம் என்று இருந்தது கம்பெனி அடையாள அட்டையில் ஒட்டியது ஒன்றுதான். கழுத்துக்குக் கீழே எதுவும் கிடையாது. தோளிலிருந்து விரல் நுனிவரை நானே கற்பனை செய்ய வேண்டும். குழந்தையைத் தூக்கிப் பழகிய கை எப்படி வளையும் என்று பார்க்க, சைக்கிள் கடைக்காரரை ஒரு மூட்டை பழைய டியூபைத் தூக்கி நிற்கச் சொல்லி வரைந்தேன்.

படத்தை வாங்க அம்மாவையும் கூட்டிவந்தார் மகன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "இது அவர் கையே இல்ல" என்றார். மாற்றித் தருகிறேன் என்று பிரஷ்ஷை எடுத்தேன். அவர் தடுத்துவிட்டுச் சொன்னார்: "மூணு புள்ள பெத்தேன், ஒண்ணையும் அவர் தூக்கினதில்ல சார். இப்பவாவது தூக்கட்டும், வுடுங்க."

கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்

ஒரு கட்சி மாநாட்டுக்காக ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நீளமான சுவர் ஒன்று கிடைத்தது. தலைவர் நடுவில், இரண்டு பக்கமும் மாவட்டம், ஒன்றியம், நகரம், வட்டம் என்று செயலாளர்கள். கட்சிக் குரூப்பில் யார் முகம் எவ்வளவு பெரியது என்பதுதான் உயிர். நான் பம்பாய்ப் பழக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் தலை போட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே வட்டச் செயலாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அவர் தலையும் மாவட்டத்தின் தலையும் ஒரே அளவில் இருக்கிறதாம்; மாவட்டம் பார்த்தால் தன் பதவி போய்விடுமாம்.

"சரி, உங்க தலையைச் சின்னதாக்கிடறேன்" என்றேன். அவருக்கு மனசு வரவில்லை. பெண்டாட்டி, பிள்ளைகள், தெருக்காரர்கள் எல்லோரும் பார்க்கும் சுவர் ஆயிற்றே. நகத்தைக் கடித்தார். பிறகு முகம் தெளிந்து சொன்னார்: "சின்னதாக்காத சார், என்னைக் கொஞ்சம் தள்ளி நிக்க வை. தூரத்துல கீறவன் சின்னதாத்தான் தெரிவான்னு மாவட்டத்துக்கே தெரியும்."

சிரிக்கும் கியூ

சேலையூரில் ஒரு அம்மா, பேங்கில் வேலை. கொலுவில் கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாம் வைத்து அலுத்துவிட்டது, இந்த வருஷம் பேங்க் செட் வேண்டும் என்றார். மேனேஜர், கேஷியர், கவுண்டர், எதிரில் ஒரு கியூ. காதர் பாய் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். சிக்கல் என்னவென்றால் அவரிடம் இருந்த முக அச்சு ஒன்றுதான். அது கல்யாண செட்டுக்காகச் செய்தது. அதில் வார்த்தால் மாப்பிள்ளையிலிருந்து சமையல்காரர் வரை எல்லோரும் சிரிப்பார்கள்.

நவராத்திரி நெருங்கிவிட்டதால் வேறு அச்சு செய்ய நேரமில்லை. செட்டை வீட்டில் கொண்டுபோய் அடுக்கிக் கொடுத்தோம். அந்த அம்மாவின் கணவரும் பேங்கில் கேஷியர்தான். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பாய், கியூவில நிக்கிற அத்தனை பேரும் சிரிக்கிறாங்களே, இது எந்த ஊர் பிராஞ்ச்? நான் டிரான்ஸ்ஃபர் கேக்கணும்."

மண்டபத்துச் சுவர்

ஜி.எஸ்.டி. ரோட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் தணிகாசலம் என்னைத் தேடி வந்தார். முடிச்சூர்க்காரர். நெல் போட்ட நிலத்தை ப்ளாட் போட்டு விற்றுவிட்டு, மிஞ்சியதில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவர் முழுக்கத் தன் குடும்பம் நிற்க வேண்டும் என்றார்; மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி. பெரியப்பா, சித்தப்பா, அத்தை வழி, மாமன் வழி என்று ஒரு தெருவே இருந்தது. இது நன்றாக வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், கடை நிற்கும். சொதப்பினால் பம்பாய் ஸ்டூல். எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

இத்தனை பேரை நிறுத்தும்போது ஒரு விதி உண்டு. எல்லோரும் கேமராவைப் பார்த்து நின்றால் அது ரேஷன் கடை வரிசை. ஒருவரை எல்லோரும் பார்த்தால்தான் அது குடும்பம். அந்த ஒருவராகத் தணிகாசலத்தின் மகள் மல்லிகாவை நிறுத்தினேன். கல்லூரி முடித்த பெண். முகத்தில் நல்ல களை. கையில் காமாட்சி விளக்கு. அந்த விளக்கின் வெளிச்சம்தான் எல்லோர் முகத்திலும் விழும். அம்மா சரோஜாவின் கை மகளின் தோளில். குட்டித் தம்பி அக்காவின் புடவைக் கொசுவத்தைப் பிடித்திருப்பான். தணிகாசலம் மகளுக்கு எதிரே நின்று, வருகிறவர்களுக்காகக் குவித்த கையோடு அவளைப் பார்த்திருப்பார்.

மாதக்கணக்கில் சாரத்தில் நின்று ஆயில் பெயிண்டில் முடித்தேன். மல்லிகா வந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் என்னையே பாக்கிறாங்களே சார், எனக்குக் கூச்சமா இருக்கு" என்று சிரித்தாள். தணிகாசலம் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னார்: "பாக்கட்டுமே. இந்த வூட்டுல பாக்கறதுக்கு வேற இன்னா கீது?"

ஓடிப்போகாத ஒன்று

மண்டபம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மல்லிகா கல்யாணம் செய்துகொண்டாள். கிழக்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்த டேவிட் என்ற பையன். ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் தணிகாசலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "அது இன்னும் அங்கயே நின்னுகினு கீதா?" என்றார். பெயரைச் சொல்லவில்லை.

"அதை எடுத்தா மத்தவங்க விழுந்துடுவாங்க சார்" என்றேன்.

"யார் வுழுவா?"

"அம்மா கை அந்தரத்துல நிக்கும். உங்க பையன் காத்தைப் புடிச்சிட்டு நிப்பான். விளக்கு போயிட்டா, இவ்வளவு வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு கேப்பாங்க."

"வேற மூஞ்சி வெச்சிடேன்."

"உடம்பு அவங்களுது சார். உங்க சொந்தக்காரங்க எல்லாரும் கண்டுபுடிச்சிடுவாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். முதல்முறையாக, முழுசாக. அப்புறம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒரு தூணு போட்டுடு சார். தூணு எங்கயும் ஓடிப்போவாது."

மழை வராத இடம்

தூண் போட்டேன். வேலைப்பாடு எல்லாம் வைத்து, கருங்கல் மாதிரியே. ஆனால் ஆயில் பெயிண்டில் அல்ல. தண்ணீரில் கரையும் டிஸ்டெம்பரில், கொஞ்சம் வஜ்ரப் பசை சேர்த்து. பம்பாயில் இது சகஜம். படத்தில் நடித்த யாரோடாவது தயாரிப்பாளர் சண்டை போட்டால் அந்த முகத்தை மறைக்கச் சொல்வார். நாங்கள் தண்ணீர்க் கலரில் மறைப்போம். அடுத்த வாரம் சமாதானம் ஆகிவிடும். துடைத்தால் அடியில் முகம் அப்படியே இருக்கும். தணிகாசலத்தின் சண்டை எந்த வகை என்று எனக்குத் தெரியாது. கை தானாக டிஸ்டெம்பர் டப்பாவுக்குத்தான் போயிற்று.

பார்க்க வந்த காதர் பாய் தூணின் மேல் விரலை வைத்து, எடுத்து, விரல் நுனியைப் பார்த்தார். "பம்பாய்க்காரரே, ஒரு மழை அடிச்சா இது போயிடுமே?"

"மண்டபத்துக்குள்ள ஏது பாய் மழை?"

பாய் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மழை வராதுதான். ஆனா இவங்க வீட்டுல யாராவது அழுதுகிட்டே வந்து சாஞ்சிடப் போறாங்க, பாத்துக்குங்க."

தூணுக்கு என்ன விசேஷம்?

மண்டபம் திறந்தது. முதல் கல்யாணத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. சுவரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இவ்வளவு பெரிய குடும்பம் ஏன் ஒரு தூணையே பார்க்கிறது? அந்த அம்மா ஏன் தூணை அணைத்திருக்கிறார்? பையன் ஏன் தூணை விடாமல் பிடித்திருக்கிறான்? பந்திக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. தூணுக்குள்ளிருந்து சாமி வரப்போகிறது என்றார் ஒருவர். மண்டபம் கட்டும்போது புதையல் எடுத்த இடம் அதுதான் என்றார் இன்னொருவர். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. வெற்றிலையை மென்றபடி ஒரு பெரியவர் அவரிடமே கேட்டுவிட்டார்: "இன்னா தணிகாசலம், ஊரெல்லாம் உன்னைக் கும்புடுது, நீ இன்னாத்துக்கு அந்தத் தூணைக் கும்பிட்டுகினு கீறே?"

அணையாத விளக்கு

முகூர்த்தம் இல்லாத ஒரு நாள், சாரம் கட்டியபோது உதிர்ந்த ஒரு மூலையைச் சரிசெய்யப் போயிருந்தேன். மண்டபத்தில் யாரும் இல்லை. சரோஜா அம்மா துடைப்பத்தோடு வந்தார். பெருக்க ஆள் இருக்கும்போது அவருக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. சுவரில் இருக்கும் தன் கைக்கு நேரே வந்து நின்றார். பெருக்கவில்லை. அந்தக் கை தூணின் மேல் இருக்கிறது. ஆனால் தோளுக்காக வரைந்த கை. கல்லின் மேல் வைத்தது போல விரல்கள் நேராக இல்லை, கொஞ்சம் வளைந்துதான் இருக்கும்.

"கையை நீங்க மாத்தலையே சார்?"

"இல்லம்மா."

"அப்ப கைக்குக் கீழ அது நிக்குதா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நிக்குதும்மா" என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். பாய் சொன்னது ஞாபகம் வந்து, சாய்ந்துவிடப் போகிறாரே என்றுகூடப் பயந்தேன். அவர் அழவில்லை. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளியே நின்று, ரகசியம் போலக் கேட்டார்: "வெளக்கு அணையலையே சார்?"

கண்ணைத் திருப்பு

அடுத்த தை வருவதற்குள் தணிகாசலத்துக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. என்னை மண்டபத்துக்கு வரச் சொன்னார். இந்த முறை சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஒவ்வொரு கல்யாணத்துலயும் பேஜாரா கீது சார். தூணு இருக்கட்டும். இவங்க கண்ணை எல்லாம் திருப்பிடு. அத்தனை பேரும் நேராப் பாக்கணும், வாசலைப் பாத்து. என் பொண்டாட்டி கையை இறக்கிடு. பையன் கையில ஒரு பந்து குடு. அந்த வெளிச்சத்தையும் எடுத்துடு, சாதாரணமா இருக்கட்டும்."

"அது ஆயில் பெயிண்ட் சார். ஒரு தடவை மாத்தினா மறுபடி பழையபடி வராது."

"இன்னாத்துக்கு வரணும்?" என்றார். பிறகு குரலை இறக்கினார். கூடுவாஞ்சேரியில் மச்சானோடு சேர்ந்து இன்னொரு மண்டபம் எழுப்புகிறாராம். அங்கே இரண்டு சுவர், இரண்டும் எனக்கே. இதைச் செய்ய முடியாது என்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும். மொத்தத்துக்கும் வெள்ளையடித்து, அருவியும் தென்னை மரமுமாகச் சீனரி போஸ்டர் ஒன்று வாங்கி ஒட்டிவிடுவார். போஸ்டரில் ஆளே இருக்காது, கேள்வியும் இருக்காது.

நான் சுவரைப் பார்த்தேன். முப்பது, நாற்பது கண்கள். ஒவ்வொன்றையும் சாரத்தில் நின்று ஒரு இடத்தைப் பார்த்துத் திருப்பியவன் நான்தான். திருப்பிய கையே திரும்பவும் திருப்பலாம். தொழிலில் அதற்குத் தடையொன்றும் இல்லை. கூடுவாஞ்சேரிச் சுவர்கள் கிடைத்தால் பம்பாய்ப் பேச்சே வீட்டில் எழாது. அப்புறம் தணிகாசலத்தைப் பார்த்தேன். அருவி, தென்னை மரம், பந்து என்று சொல்லிக்கொண்டே போனவர், பேசிய நேரம் முழுக்க என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சுவரில் இருக்கிற அவரைப் போலவே, நாற்காலியில் இருந்த அவரும் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல வரேன் சார்" என்றேன். "நீங்க கூட இருங்க. அம்மாவையும் வரச் சொல்லுங்க."

"அவ எதுக்கு?"

"கையை எங்க வெக்கணும்னு அவங்கதானே சொல்லணும்."

அவர் வாசல்வரை வந்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், "பெயிண்ட், பிரஷ் எல்லாம் மறக்காம எடுத்தாந்துடு, இன்னா?" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடுவாஞ்சேரியையும் சொன்னேன், அருவி போஸ்டரையும் சொன்னேன். அவள் பரணைக் காட்டினாள். "பெட்டி அங்கதான் இருக்கு. நான் கட்ட மாட்டேன்னு அப்பவே சொல்லிட்டேன், ஞாபகம் இருக்கில்ல?"

மறுநாள் காலை பெயிண்ட்டும் பிரஷ்ஷும் கடையிலேயே இருந்தன; நான் ஒரு வாளியும் என் பழைய வேட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.